மெய்நிகர் கணினியில் டிஸ்க் மெதுவானால்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில், கணக்கு மென்பொருள் ஒரு விண்டோஸ் மெய்நிகர் கணினியில் (ஓர் உண்மையான கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினியில்) ஓடுகிறது. “பில் போட்டு சேவ் கொடுத்தா, பத்து எண்ணுற வரைக்கும் திரை அசையறதில்லைங்க அண்ணா” என்று அங்கே கணக்குப் பார்ப்பவர் தொலைபேசியில் சொன்னார். அதற்கு முந்தைய வாரம்தான் வேறொருவர் வந்து பார்த்துவிட்டு, நான்கு டிஸ்குகளையும் கழற்றிவிட்டுப் புதிய எஸ்எஸ்டி போட வேண்டும் என்று விலைப்பட்டியல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். டிஸ்குகளில் ஒரு குறையும் இல்லை. அவற்றை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்டு அட்டையின் பேட்டரி செத்திருந்தது. பேட்டரியை மாற்றிய அன்று மாலையே பில் ஒரு நொடிக்குள் பதிவானது.

சிறிய கடைகளும் தறிக்கூடங்களும் மருத்துவமனைகளும் இப்படித் தேவையற்ற செலவில் தள்ளப்படுவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. மெய்நிகர் கணினிக்குள், அதாவது விஎம்முக்குள், ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அந்த எழுத்து (டிஸ்கில் எழுதும் வேலை) உள்ளே இருக்கும் இயக்க முறைமை, டிஸ்கை இணைக்கும் மெய்நிகர் டிஸ்க் கன்ட்ரோலர், விஎம்களை நடத்தும் மென்பொருளான ஹைப்பர்வைசர், விஎம்மின் டிஸ்காக நடிக்கும் டிஸ்க் கோப்பு, ஹோஸ்டின் (விஎம்களைத் தாங்கும் உண்மையான கணினியின்) கோப்பு முறைமை, ரெய்டு அட்டை அல்லது வலையமைப்பு என்று ஒவ்வொரு வாசலாகக் கடந்துதான் கடைசியில் உண்மையான டிஸ்கைத் தொடுகிறது. இவற்றில் எந்த வாசலில் தடை இருந்தாலும் பயனருக்குத் தெரிவது ஒன்றுதான்: டிஸ்க் மெதுவாக இருக்கிறது. எந்த வாசல் என்று கண்டுபிடிக்கும் முன் பணம் செலவழிக்கக் கூடாது என்பதற்காகவே இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

முதலில் எடுக்க வேண்டிய அளவு

நொடிக்கு எத்தனை எம்பி என்ற வேகத்தைத்தான் பெரும்பாலோர் முதலில் பார்க்கிறார்கள். கணக்கு மென்பொருள், நோயாளிப் பதிவேடு, நூல் இருப்புக் கணக்கு போன்றவை 4 கேபி, 8 கேபி என்று சிறு துண்டுகளாகவே படித்து எழுதுவதால், அங்கே அந்த எண் பெரிதாக எதையும் சொல்லாது. ஒரு கோரிக்கை புறப்பட்டுப் பதில் வந்து சேரும் வரை எத்தனை மில்லிநொடி காத்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

லினக்ஸில் ஐஓஸ்டாட் கட்டளையை எக்ஸ் தேர்வுடன் ஒரு நொடி இடைவெளியில் ஓட்டினால், ஆர்-அவெய்ட், டபிள்யூ-அவெய்ட் என்ற பத்திகள் படிப்புக்கும் எழுத்துக்குமான காத்திருப்பைத் தனித்தனியே காட்டும். முதலில் வரும் அட்டவணை கணினி தொடங்கிய நேரத்திலிருந்து எடுத்த சராசரி என்பதால், அதை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து படிக்க வேண்டும். கடைசியில் வரும் பயன்பாட்டு விழுக்காடு 100ஐத் தொட்டதும் டிஸ்க் தாங்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு கோரிக்கையாவது நிலுவையில் இருந்த நேரத்தின் பங்கை மட்டுமே அது சொல்கிறது; ஒரே சமயத்தில் பல கோரிக்கைகளை ஏற்கும் எஸ்எஸ்டியிலும் ரெய்டிலும் 100 காட்டும்போதுகூட இன்னும் திறன் மிச்சம் இருக்கலாம். விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரின் டிஸ்க் பக்கத்தில் ரெஸ்பான்ஸ் டைம் என்ற பத்தி இதே அளவைத் தரும். பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் பார்ப்பவர்கள், அங்கே அது நொடிக் கணக்கில் வருவதை நினைவில் வைக்க வேண்டும், 0.020 என்றால் 20 மில்லிநொடி.

எது நல்ல எண்? நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி எடுக்கிறது. சராசரியாக அரைச் சுற்று காத்திருப்பும், முள் நகர்வதற்கான எட்டு ஒன்பது மில்லிநொடியும் சேர்ந்தால், சிதறிக் கிடக்கும் ஒரு துண்டைப் படிக்க 12 அல்லது 13 மில்லிநொடி ஆகும். அதாவது அப்படிப்பட்ட ஒரு டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 80 கோரிக்கைகளைத்தான் முடிக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. எஸ்எஸ்டியில் ஒரு மில்லிநொடிக்குக் கீழே இருக்க வேண்டும். எந்த வகை டிஸ்காக இருந்தாலும் தொடர்ந்து 25 மில்லிநொடிக்கு மேல் போனால் பயனர் அதை உணர்ந்துவிடுவார்.

இந்த அளவை விஎம்முக்குள்ளும் ஹோஸ்டிலும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்தி. இரண்டு இடத்திலும் காத்திருப்பு அதிகமாக இருந்தால் தடை கீழே, உண்மையான சேமிப்பகத்தில் இருக்கிறது. உள்ளே 40 மில்லிநொடியும் ஹோஸ்டில் 2 மில்லிநொடியும் இருந்தால் டிஸ்கைத் தொடவே வேண்டாம். தடை இடையில் இருக்கிறது. விஎம்வேர் என்ற ஹைப்பர்வைசர் ஓடும் ஹோஸ்டில் ஈஎஸ்எக்ஸ்டாப் கட்டளை இந்தப் பிரிப்பைத் தானே செய்து தருகிறது: டிஏவிஜி என்பது சாதனத்தில் ஆன நேரம், கேஏவிஜி என்பது ஹைப்பர்வைசருக்குள் ஆன நேரம், ஜிஏவிஜி என்பது இரண்டின் கூட்டல். கேஏவிஜி 2 மில்லிநொடியைத் தாண்டி நின்றால் ஹைப்பர்வைசர் வரிசையில் நெரிசல் இருக்கிறது என்று கொள்ளலாம்.

நிறுவிய நாளிலிருந்தே மெதுவாக இருக்கிறது

இதற்குப் பெரும்பாலும் கன்ட்ரோலர் வகைதான் காரணம். விண்டோஸைச் சிக்கலில்லாமல் நிறுவ வேண்டும் என்பதற்காக மெய்நிகர் டிஸ்கை ஐடிஇ அல்லது சாட்டா வகையில் இணைத்துவிட்டு, அப்படியே விட்டுவிடுவது எங்கும் நடக்கிறது. பழைய வன்பொருளைப் போல நடித்துக் காட்டும் இந்த வகைகளில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் கட்டுப்பாடு விஎம்மிலிருந்து ஹைப்பர்வைசருக்குப் பலமுறை போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. ஐடிஇ ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கையாளும்; சாட்டாவின் ஏஹெச்சிஐ முறை 32 வரை வரிசையில் வைக்கும். ஹைப்பர்வைசர்களில் கேவிஎம், பிராக்ஸ்மாக்ஸ் ஆகியவற்றில் விர்ட்ஐஓ ஸ்கசி வகையையும், விஎம்வேரில் பிவிஸ்கசி வகையையும், ஹைப்பர்-வியில் ஸ்கசி கன்ட்ரோலரையும் பயன்படுத்துவதே சரி.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில், தொடக்க டிஸ்கின் வகையை நேரடியாக விர்ட்ஐஓவுக்கு மாற்றினால், டிரைவர் இல்லாத காரணத்தால் நீலத்திரையில் நின்றுவிடும். அதற்கு எளிய வழி உண்டு. 1 ஜிபி அளவில் ஒரு வெற்று டிஸ்கை விர்ட்ஐஓ வகையில் கூடுதலாகச் சேர்த்து, விண்டோஸைத் தொடங்கி, டிரைவர்களை நிறுவி, அந்தச் சிறு டிஸ்க் டிஸ்க் மேனேஜ்மென்டில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு முழுமையாக நிறுத்திவிட்டு முதன்மை டிஸ்கின் வகையை மாற்றினால் தடையின்றித் தொடங்கும். தொடங்கும் வரிசையையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

விர்ச்சுவல்பாக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: விஎம் சன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால், ஹோஸ்டாக இருக்கும் விண்டோஸில் ஹைப்பர்-வி இயங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது டிஸ்க் மட்டுமல்ல, எல்லாமே தளரும். பழைய சர்வரிலிருந்து அப்படியே நகலெடுத்துக் கொண்டுவந்த விண்டோஸ் 2003 போன்றவற்றில் பார்ட்டிஷன் 63ஆம் செக்டாரில் தொடங்கியிருக்கும். அது 4 கேபி எல்லையில் பொருந்தாததால் ஓர் எழுத்து இரண்டு எழுத்தாகிவிடும். இன்றைய நிறுவல்கள் 2048ஆம் செக்டாரில் தொடங்குவதால் அவற்றில் இந்தக் கவலை இல்லை.

முன்பு வேகமாக இருந்தது, மாதக்கணக்கில் தேய்ந்துகொண்டே வருகிறது

அம்மாப்பேட்டையில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் சர்வரில், மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் பாதுகாப்புக்காக ஒரு ஸ்னாப்ஷாட் (தேவைப்பட்டால் திரும்பிவர, விஎம்மின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது) எடுத்திருந்தார்கள். புதுப்பித்தல் நல்லபடியாக முடிந்தது, ஸ்னாப்ஷாட்டை எல்லோரும் மறந்துபோனார்கள். ஏழு மாதம் கழித்து நான் பார்த்தபோது, மூல டிஸ்க் கோப்பு 200 ஜிபியாக இருக்க, மாற்றங்களைத் தாங்கிய கோப்பு 170 ஜிபியாக வளர்ந்திருந்தது.

ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்திலிருந்து மூல டிஸ்க் கோப்பு உறைந்துவிடுகிறது. அதன் பிறகு எழுதப்படும் ஒவ்வொரு துண்டும் தனி மாற்றக் கோப்புக்குப் போகிறது. படிக்கும்போது, கேட்ட துண்டு மாற்றக் கோப்பில் இருக்கிறதா என்று முதலில் தேடி, இல்லாவிட்டால் அதற்கு முந்தையதில் தேடி, கடைசியில் மூலக் கோப்புக்கு வர வேண்டும். ஸ்னாப்ஷாட் மேல் ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தால் இந்தத் தேடலும் அடுக்கடுக்காக நீளும். ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப் என்று எண்ணி வைத்திருப்பவர்கள் நம் ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். மூலக் கோப்பு கெட்டால் ஸ்னாப்ஷாட்டும் கூடவே போய்விடும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்றும், சங்கிலியில் 32 வரை அனுமதி இருந்தாலும் இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் விஎம்வேரின் வழிகாட்டுதலே சொல்கிறது.

மேலாண்மைத் திரையில் ஸ்னாப்ஷாட் எதுவும் தெரியவில்லை என்பதால் இல்லை என்று நம்பிவிடக் கூடாது. இரவுப் பேக்கப் மென்பொருள் தற்காலிகமாக ஒன்றை எடுத்து, வேலை முடிந்ததும் நீக்கும். நடுவில் மின்சாரமோ வலையமைப்போ துண்டிக்கப்பட்டால் அது அனாதையாகத் தங்கிவிடும். ஆகவே டிஸ்க் கோப்புகள் இருக்கும் கோப்புறையைத் திறந்து பார்க்க வேண்டும். விஎம்வேரில் பெயரின் இறுதியில் 000001 போன்ற ஆறு இலக்கம் இருந்தாலும், ஹைப்பர்-வியில் ஏவிஹெச்டிஎக்ஸ் என்ற பின்னொட்டு இருந்தாலும் அது மாற்றக் கோப்புதான். கேவிஎம்மில் கியூஎமு-இமேஜ் கருவியின் இன்ஃபோ கட்டளையை பேக்கிங்-செயின் தேர்வுடன் ஓட்டினால், பின்னணிக் கோப்புகளின் முழுச் சங்கிலியையும் பட்டியலிடும்.

திரையில் வரும் ‘டெலீட்’ என்ற சொல்லைக் கண்டு பலர் அஞ்சி, ஏழு மாதத் தரவும் போய்விடும் என்று ஸ்னாப்ஷாட்டைத் தொடாமலேயே விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது மாற்றக் கோப்பில் இருப்பதை மூலக் கோப்போடு சேர்க்கும் வேலை; இன்றைய நிலை அப்படியே நிற்கும். பழைய நிலைக்குத் திரும்பச் சொல்லும் ‘ரிவர்ட்’ என்பதைத்தான் தொடக் கூடாது. சேர்க்கும் முன் முழுப் பேக்கப் ஒன்று எடுத்து, அது திறக்கிறதா என்று சோதித்து, ஹோஸ்டில் போதிய காலி இடம் இருப்பதை உறுதிசெய்து, கடை மூடிய பிறகு தொடங்க வேண்டும். பெரிய கோப்பாக இருந்தால் பல மணி நேரம் ஆகலாம். 99 விழுக்காட்டிலேயே நெடுநேரம் நின்றாலும் பொறுமையாக இருக்க வேண்டும். நடுவில் நிறுத்துவதோ, மாற்றக் கோப்பைக் கையால் அழிப்பதோ தரவை இழக்கும் வழி. அம்மாப்பேட்டை சர்வரில் இரவு 9 மணிக்குத் தொடங்கிய வேலை அதிகாலையில்தான் முடிந்தது.

ஸ்னாப்ஷாட் இல்லாமலும் இப்படித் தேயலாம். கேவிஎம்மில் வழங்கும் கியூகவ்2 வடிவ டிஸ்க் கோப்பில் ஒவ்வொரு 64 கேபி துண்டும் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை உண்டு. ஒரு துண்டுக்கு 8 பைட் வீதம், 1 எம்பி அட்டவணை நினைவகம் 8 ஜிபி டிஸ்கை மட்டுமே தாங்கும். கேவிஎம்மோடு சேர்ந்து விஎம்மை இயக்கும் கியூஎமு மென்பொருளின் 3.1 பதிப்பிலிருந்து இந்த நினைவகத்தின் உச்சவரம்பு 32 எம்பியாக, அதாவது 256 ஜிபி டிஸ்குக்குப் போதுமானதாக உயர்த்தப்பட்டது. அதைவிடப் பெரிய டிஸ்க் என்றால் வரம்பைக் கூட்டுங்கள், அல்லது எல்விஎம் போன்ற நேரடி வடிவத்துக்கு மாறுங்கள். அழித்த கோப்புகளின் இடம் கீழே இருக்கும் எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கப்படாததும் இன்னொரு காரணம். மெய்நிகர் டிஸ்கின் அமைப்பில் டிஸ்கார்ட் தேர்வை இயக்கிவிட்டு, லினக்ஸில் எஃப்எஸ்டிரிம் கட்டளையையும் விண்டோஸில் ஆப்டிமைஸ் டிரைவ்ஸையும் ஓட்டினால் இது தீரும்.

படிப்பது நன்றாக இருக்கிறது, எழுதுவதுதான் நகரவில்லை

செவ்வாய்ப்பேட்டைக் கடையின் அறிகுறி இதுதான். அறிக்கைகள் உடனே திறந்தன, சேமிக்கும்போது மட்டும் திரை உறைந்தது.

ரெய்டு அட்டையில் சொந்த நினைவகம் உண்டு. எழுத்து அங்கே வந்து சேர்ந்ததுமே ‘முடிந்தது’ என்று பதில் சொல்லிவிட்டு, டிஸ்கில் பிறகு எழுதிக்கொள்வது ரைட்-பேக் முறை. மின்சாரம் போனால் அந்த நினைவகத்தில் இருப்பதைக் காப்பாற்றுவதற்குத்தான் அட்டையில் பேட்டரி இருக்கிறது. அது பழுதானால், அட்டை தானாகவே ரைட்-த்ரூ முறைக்கு மாறி, ஒவ்வோர் எழுத்தும் டிஸ்கில் பதியும் வரை காத்திருக்கத் தொடங்கும். எச்சரிக்கை மணி ஒலித்தாலும் சர்வர் அறையில் கேட்க ஆள் இருப்பதில்லை.

இந்த நிலையில் ரெய்டு 5 என்றால் துன்பம் இரட்டிப்பு. ஒரு சிறு எழுத்துக்குப் பழைய தரவைப் படித்து, பழைய பாரிட்டியை (ஒரு டிஸ்க் போனாலும் தரவை மீட்க உதவும் சரிபார்ப்புத் தகவலை) படித்து, புதிய தரவை எழுதி, புதிய பாரிட்டியை எழுத வேண்டும். ஒன்றுக்கு நான்கு வேலை. நான்கு ஹார்ட் டிஸ்குகள் சேர்ந்து நொடிக்கு 320 கோரிக்கைகளைத் தாங்கினால், எழுத்துக்குக் கிடைப்பது 80 மட்டுமே. ரெய்டு 6இல் ஒன்றுக்கு ஆறு, ரெய்டு 10இல் ஒன்றுக்கு இரண்டு. நிறைய எழுதும் தரவுத்தளத்துக்கு ரெய்டு 10 வைக்கச் சொல்வது இதனால்தான்.

அட்டையின் மேலாண்மைக் கருவியில், ஸ்டோர்சிஎல்ஐ போன்றவற்றில், பேட்டரியின் நிலையையும் இப்போது நடப்பில் இருக்கும் எழுத்து முறையையும் பார்க்க வேண்டும். ‘அமைத்த முறை’ ரைட்-பேக் என்று காட்டிக்கொண்டே ‘நடப்பு முறை’ ரைட்-த்ரூவாக இருக்கலாம் என்பதால், இரண்டையும் தனித்தனியே பார்ப்பது அவசியம். சேலத்தின் சித்திரை வெயிலில் குளிர்சாதனம் இல்லாத அறையில் இந்தப் பேட்டரிகளின் ஆயுள் மேலும் குறைகிறது. சில அட்டைகள் குறிப்பிட்ட இடைவெளியில் பேட்டரியைத் தாமே வடித்து மீண்டும் ஏற்றிச் சோதிக்கும். அந்தச் சில மணி நேரம் மட்டும் எழுத்து மெதுவாக இருந்து தானே சரியாகிவிட்டால், பழுது என்று பதற வேண்டியதில்லை.

பேட்டரி வாங்கும் வரை ரைட்-பேக்கைக் கட்டாயமாக இயக்கிவிடலாம் என்று சிலர் சொல்வதை ஏற்காதீர்கள். நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தம் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஏற்காட்டு அடிவாரத்தில் கோடை இடியோடு வரும் மின்வெட்டு தெரிவதில்லை. அந்த ஒரு நொடியில் நினைவகத்தில் இருந்த எழுத்து அழிந்தால், தரவுத்தளமே திறக்காமல் போகலாம். விஎம் டிஸ்கின் கேச் தேர்விலும் இதே எச்சரிக்கை பொருந்தும். ‘நன்’ (none) என்ற தேர்வு ஹோஸ்டின் நினைவகத்தைத் தவிர்த்து நேராகச் செல்கிறது. ‘ரைட்-பேக்’ ஹோஸ்டின் நினைவகத்தைப் பயன்படுத்தினாலும், உள்ளிருந்து வரும் ‘டிஸ்கில் பதித்துவிடு’ என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது. ‘அன்சேஃப்’ அந்தக் கட்டளையையே புறக்கணிக்கும். அதைச் சோதனைக் கணினிக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரெய்டு அட்டையே இல்லாமல் சாதாரண எஸ்எஸ்டியில் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையை வைத்திருப்பவர்களிடமும் இதே அறிகுறி வரும். மின்தடைக் காப்புக் கெப்பாசிட்டர் உள்ள நிறுவனத் தர எஸ்எஸ்டி, எழுத்து தன் நினைவகத்துக்கு வந்ததுமே அதற்கு உறுதி கொடுக்க முடியும். மேசைக் கணினிக்கான எஸ்எஸ்டி ஒவ்வொரு முறையும் ஃபிளாஷில் பதித்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால், பெட்டியில் அச்சிட்ட வேகம் இங்கே காணாமல் போகிறது.

பெரிய கோப்பு பாதி வரை பறக்கிறது, பிறகு தவழ்கிறது

ஒரு செல்லில் மூன்று, நான்கு பிட் அடைக்கும் டிஎல்சி, கியூஎல்சி வகை எஸ்எஸ்டிகள் தம் இடத்தில் ஒரு பகுதியை, ஒரு செல்லுக்கு ஒரு பிட் என்ற வேகமான எஸ்எல்சி முறையில் இடைக்கிடங்காக வைத்திருக்கின்றன. அது நிரம்பும் வரை வேகம். நிரம்பிய பின் சில கியூஎல்சி டிஸ்குகள் நொடிக்கு 100 எம்பிக்கும் கீழே இறங்கிவிடும். டிஸ்க் ஏறக்குறைய நிரம்பியிருந்தால் இடைக்கிடங்கும் சுருங்கும். என்விஎம்இ வகையாக இருந்தால் ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் வெப்பநிலையையும் பாருங்கள். சூடு ஏறினால் அவை தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்.

சோதனை செய்யும்போதும் இதே பொறி உண்டு. டிடி கட்டளையால் வெறும் பூஜ்யங்களை எழுதிப் பார்த்து நொடிக்கு 2 ஜிபி வருகிறது என்று மகிழ்கிறவர்கள், பெரும்பாலும் ரேமின் வேகத்தைத்தான் அளந்திருக்கிறார்கள். எஃப்ஐஓ கருவியில் நேரடி எழுத்துத் தேர்வை இயக்கி, 4 கேபி சிதறல் எழுத்தை, விஎம்மின் ரேமைவிடப் பெரிய கோப்பில், சில நிமிடங்களாவது ஓட்ட வேண்டும். வேலை நேரத்தில் ஓட்டினால் பயனர்கள்தான் பாதிக்கப்படுவார்கள்.

வேகம் நொடிக்கு 11 எம்பியில் நின்றுவிடுகிறது

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில், விஎம்களின் டிஸ்க் கோப்புகள் பக்கத்து அறையில் வலையமைப்பு வழியாக இணைத்த என்ஏஎஸ் சேமிப்புப் பெட்டியில் இருந்தன. எதைச் செய்தாலும் வேகம் 11 எம்பிக்கு மேல் ஏறவில்லை. இந்த எண்ணைக் கண்டால் வேறெதையும் யோசிக்காமல் கேபிளைப் பிடியுங்கள். 100 மெகாபிட் இணைப்பின் உச்சம் 12.5 எம்பி, கையில் கிடைப்பது 11தான். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடி கம்பிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும் என்பதால், ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடும். அங்கே மலையின் ஈரத்தில் ஆர்ஜே-45 முனையின் தகடுகள் பச்சை பூத்திருந்தன. இரண்டு முனைகளையும் வெட்டி, புதிதாகக் கிரிம்ப் செய்ததும் 110 எம்பியைத் தொட்டது. ஈத்டூல் கட்டளை இணைப்பு வேகத்தை ஒரே வரியில் காட்டும்.

குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் மெதுவாகிறது

நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் ஹோஸ்டில் வேறு என்ன ஓடுகிறது என்று பாருங்கள். காலை 9 மணிக்கு எல்லா விஎம்களும் ஒருசேரத் தொடங்குவது, வைரஸ் தடுப்பு மென்பொருள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் சோதனையைத் தொடங்குவது, நள்ளிரவுப் பேக்கப் விடிந்த பிறகும் முடியாமல் நீள்வது ஆகிய மூன்றும் அடிக்கடி காணப்படுபவை. வைரஸ் தடுப்பு ஹோஸ்டிலேயே இருந்தால், மெய்நிகர் டிஸ்க் கோப்புகளை அதன் சோதனையிலிருந்து விலக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் என்றால் டெபியன் சார்ந்த ஹோஸ்டுகளில் விடை எளிது: லினக்ஸின் மென்பொருள் ரெய்டான எம்டிஏடிஎம்மின் சோதனை மாதத்தின் முதல் ஞாயிறும், இசட்எஃப்எஸ் ஸ்க்ரப் என்ற முழுத் தரவுச் சோதனை இரண்டாம் ஞாயிறும் இயல்பாகவே தொடங்குகின்றன. ஒரே விஎம் மற்றவற்றை நெருக்கினால் அதன் டிஸ்குக்கு ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை கோரிக்கை) வரம்பு வையுங்கள்.

திடீரென்று சில நொடிகள் உறைந்து, தானே மீள்கிறது

இந்த அறிகுறியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ரெய்டில் உள்ள ஒரு டிஸ்க் சாகத் தொடங்கும்போது, படிக்க முடியாத செக்டாரை மீண்டும் மீண்டும் முயல்கிறது, அதுவரை முழு ரெய்டும் காத்திருக்கிறது. என்ஏஎஸ், சர்வர் வகை டிஸ்குகள் பொதுவாக 7 நொடியில் முயற்சியைக் கைவிட்டுப் பிழையை அறிவிக்கும். மேசைக் கணினி டிஸ்குகள் மிக நீண்ட நேரம் பிடிவாதமாக இருக்கும். உறைவு நீண்டுபோன சமயங்களில் லினக்ஸ் விஎம்மின் பதிவில், ஒரு செயல் 120 நொடிக்கு மேல் தடைபட்டது என்ற செய்தியும் வந்திருக்கும். ஹோஸ்டில் ஒவ்வொரு டிஸ்காக ஐஓஸ்டாட் பார்த்தால் மற்றவை 10 மில்லிநொடியில் இருக்க, ஒன்று மட்டும் நூற்றுக்கணக்கில் நிற்கும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் விவரங்களில் 5ஆம் எண்ணும் (மாற்றி ஒதுக்கிய செக்டார்கள்) 197ஆம் எண்ணும் (படிக்க முடியாமல் நிலுவையில் உள்ளவை) பூஜ்யத்திலிருந்து உயர்ந்திருந்தால் உடனே பேக்கப் எடுத்து, அந்த டிஸ்கை மாற்றுங்கள். புதிய டிஸ்க் வாங்கச் சொல்ல எனக்குத் தயக்கமில்லாத இடம் இது.

வாடகை சர்வரில் அரை மணி நேரம் வேகம், பிறகு தளர்வு

அமேசானின் ஜிபி2 (gp2) வகை டிஸ்குக்கு ஒரு ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ் என்பதே அடிப்படை உரிமை. 100 ஜிபி டிஸ்க் என்றால் 300. சேமித்து வைத்த வரவைக் கொண்டு 3000 வரை பாயலாம். அந்த வரவு முழுதாக இருந்தால் அரை மணி நேரம் தாங்கும். பர்ஸ்ட் பேலன்ஸ் என்ற அளவு பூஜ்யத்தை நெருங்குகிறதா என்று பார்த்துவிட்டு ஜிபி3 (gp3) வகைக்கு மாற்றினால், அளவு எதுவானாலும் 3000 அடிப்படையாகவே கிடைக்கும். ஸ்னாப்ஷாட்டிலிருந்து உருவாக்கிய டிஸ்கில் ஒவ்வொரு துண்டும் முதல் முறை படிக்கப்படும்போது மட்டும் தாமதமாக வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

டிஸ்க் ஓயாமல் உழைக்கிறது, ஆனால் பெரிய வேலை எதுவும் இல்லை

ரேம் பற்றாக்குறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விஎம்ஸ்டாட் கட்டளையின் எஸ்ஐ, எஸ்ஓ பத்திகளில் தொடர்ந்து எண்கள் ஓடினால், டிஸ்கை ரேமுக்குப் பதிலாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். விஎம்முக்குள் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. ஹோஸ்ட் தன் ரேமை மீறி விஎம்களுக்குப் பங்கிட்டிருந்தால் உள்ளே எல்லாம் சரியாகத் தெரியும், ஹோஸ்டின் ஸ்வாப் அடிபட்டுக்கொண்டிருக்கும். இங்கே 8 ஜிபி ரேம் சேர்ப்பது, எந்த எஸ்எஸ்டியும் தராத வேகத்தைத் தரும்.

உள்ளேயும் வெளியேயும் காத்திருப்பு குறைவு, பயனருக்கு மட்டும் மெதுவாக இருக்கிறது

இரண்டு இடத்திலும் ஒரு மில்லிநொடிக்குள் பதில் வருகிறது என்றால் டிஸ்க் குற்றவாளி இல்லை. டாப் கட்டளையில் எஸ்டி என்ற எண் உயர்ந்து நின்றால், விஎம்முக்கு உரிய சிபியு நேரத்தை ஹோஸ்ட் வேறு விஎம்முக்குக் கொடுக்கிறது. தேவைக்கு மேல் வழங்கிய மெய்நிகர் சிபியுக்களைக் குறைத்துப் பாருங்கள். அதுவும் பூஜ்யமாக இருந்தால், தரவுத்தளத்தில் ஒருவர் பிடித்து வைத்திருக்கும் பூட்டுக்காக மற்றவர்கள் காத்திருக்கிறார்களா என்று மென்பொருளைக் கொடுத்தவரிடம் கேட்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது. அவரிடம் பேசும்போது விஎம்மிலும் ஹோஸ்டிலும் ஒரே நிமிடத்தில் எடுத்த இரண்டு ஐஓஸ்டாட் வெளியீடுகளையும், எடுத்த நேரத்தோடு, கையில் வைத்திருங்கள். “டிஸ்கை மாத்துங்க சார்” என்று அவர் தொடங்கினால் அந்த இரண்டு தாள்களை முதலில் அவர் முன்னால் வையுங்கள்.